முதல் நிறுத்தம்

ஜனவரி 9

அண்ணனுக்கு,

உன் போக்குவரத்து ஆபீஸ் எங்கள் பேருந்தைத் திருடிவிட்டது.

நலம் விசாரிக்கும் முன் இதைச் சொல்லியாக வேண்டும். இனி முறைப்படி எழுதுகிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி, மற்றபடி சுகம். எனக்கு ஒரு குறையும் இல்லை. தம்பியும் நன்றாக இருக்கிறான். வெல்டிங் பட்டறையில் வைத்த 'பொறி' என்ற பேர் வீடு வரை வந்துவிட்டது. அம்மா கூட இப்போது அவனை அப்படித்தான் கூப்பிடுகிறாள். நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்கச் சொன்னாள்.

புது வருஷம் பிறந்து வேலைக்குப் போகக் கீழே இறங்கினால் நிறுத்தத்துக் கம்பத்தைக் காணோம். கம்பம் இருந்த இடத்தில் ஒரு குழியும் கொஞ்சம் அழுக்குத் தண்ணீரும்தான் இருந்தன. பேருந்து இனிப் பாலத்தைத் தாண்டி நம் பக்கம் வராதாம், அந்தப் பக்கத்திலேயே திரும்பிவிடுமாம். ரயில் பாதைக்கு மேலே அந்தப் பாலம் எவ்வளவு நீளம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். அதன் முனையில் போலீஸ் சாவடி இருப்பதும் உனக்குத் தெரியும். பேருந்துக்குள் உட்கார்ந்து போனவரை நாங்கள் பயணிகளாக இருந்தோம். நடந்து போகத் தொடங்கியதும் சந்தேகத்துக்குரியவர்கள் ஆகிவிட்டோம். தினமும் பையைத் திறந்து காட்டுகிறோம். பொறியின் பையில் வெல்டிங் கண்ணாடியும் சோறும்தான் இருக்கும். அந்தக் கண்ணாடியைத் தினமும் புதிதாகப் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். நான் சலவைக்கூடத்துக்குத் தாமதமாகப் போனால் துணி தேய்க்கும் உருளை இயந்திரத்தில் என் இடத்தில் வேறு ஒருத்தி விரிப்புகளை விட்டுக்கொண்டிருக்கிறாள்.

உன் கடிதம் வழக்கம்போல் தையல்காரம்மா வீட்டுக்கு வந்தது. நம் முகவரியைப் போட்டு நீ வேலைக்கு எழுதியதற்கெல்லாம் ஒரு பதிலும் வரவில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கும் அவள் வீட்டு முகவரியைப் போட்டதும் உடனே கூப்பிட்டார்கள். அதைப் பார்த்துத்தானே மொத்தக் குடியிருப்பும் காகிதத்தில் அந்த முகவரிக்குக் குடிபோனது? நம் பேரைச் சொன்னால் அவர்களுக்கு ஒரு புருவம் ஏறும், இடத்தைச் சொன்னால் இன்னொன்றும் ஏறும். ஒரு புருவத்தையாவது இறக்கி வைத்தவன் நீ. கடிதம் வாங்கப் போன என்னிடம் தையல்காரம்மா, "என் ரெண்டு ரூம்ல ஒரு ஊரே குடியிருக்கு, ஒருத்தராவது வந்து கூட்டிப் பெருக்குறீங்களா?" என்றாள்.

அம்மா கவலையே படவில்லை. "என் பையன் பஸ்ஸுக்கே வழி சொல்றவன், அவன்கிட்ட ஒரு வார்த்தை எழுதிப் போடு" என்கிறாள். எழுதிவிட்டேன்.

உன் தங்கை

ஜனவரி 27

அன்புள்ள தங்கைக்கு,

இங்கு நான் நலம். நீங்கள் மூவரும் அப்படியே இருக்க வேண்டும். அம்மா படியில் ஏறி இறங்குவதைக் குறைக்கட்டும். இரண்டாவது மாடியிலிருந்து தண்ணீருக்காகக் கீழே போக வேண்டாம் என்று சொல். தம்பி போய் எடுத்து வரட்டும்.

வழித்தட மாற்றம் என் பிரிவில் முடிவாவதில்லை. அந்தக் கோப்பை நான் பார்த்ததும் இல்லை. எங்கே ஆட்கள் ஏறுகிறார்கள், எங்கே ஏறுவதில்லை என்று கணக்கெடுத்துத்தான் மாற்றுவார்கள். ஒரு மனு எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். முறைப்படி போனால் ஏதாவது நடக்கும். பையன்களை வாயைக் கொடுக்க வேண்டாம் என்று சொல். சாவடியில் கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டுப் போனால் ஒரு வம்பும் இல்லை.

இன்னொன்று. மழைக்காலத்தில் தையல்காரம்மா வீட்டுக்குக் கணக்கெடுக்க யாராவது வந்தார்களா? சும்மாதான் கேட்கிறேன்.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

அண்ணன்

பிப்ரவரி 11

அண்ணனுக்கு,

அம்மா தண்ணீருக்குக் கீழே போவதை நிறுத்தவில்லை. போனால்தான் நாலு பேரிடம் பேச முடிகிறதாம். முழங்கால் வலிக்கிறதே என்றால், வாய் வலிக்கவில்லையே என்கிறாள். இதிலிருந்து அவள் சுகமாக இருக்கிறாள் என்று தெரிந்துகொள்.

ஆமாம், மழைக்காலத்தில் ஒருவன் வந்தானாம். பேண்ட்டை முழங்கால் வரை மடித்துவிட்டுக்கொண்டு, வேலைக்குப் போகிறவர்கள் எங்கெங்கே குடியிருக்கிறார்கள் என்று கேட்டானாம். இத்தனை பேரும் இந்த முகவரியிலா என்று வாயைப் பிளந்திருக்கிறான். நம் யாரையும் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று தையல்காரம்மா, "ஆமா தம்பி, பெரிய குடும்பம், ஷிப்ட் போட்டுத் தூங்குறோம்" என்றாளாம். இவள் அல்லவா மனுஷி. நீ ஏன் கேட்டாய்?

மனு கொடுத்தோம். வாங்கினவர் படிக்காமலே, உங்கள் பக்கத்தில் யார் வேலைக்குப் போகிறார்கள் என்று கேட்டார். வேலைக்குப் போகும் துணியோடுதான் எதிரே நின்றோம்.

இப்போது நல்ல சேதி. பொறியும் அவன் கூட்டாளிகளும் நிறுத்தத்தைத் தாங்களே கட்டிவிட்டார்கள். கழித்துப் போட்ட குழாய்களைப் பட்டறையில் கேட்டு வாங்கி, நாலு கால், மேலே தகரம், உட்கார ஒரு நீளப் பலகை. கொத்தனார் வீட்டுப் பையன் அடியில் சிமெண்டு போட்டான். பெயிண்டர் பலகையில் எழுத வந்தபோது என்ன எழுதுவது என்று பெரிய வாக்குவாதம். கடைசி நிறுத்தம் என்றுதானே பழைய கம்பத்தில் இருந்தது? பொறி சொன்னான்: "பஸ் காலைல எங்க இருந்து கெளம்புது? நம்ம கிட்ட இருந்து. அப்ப நாம என்ன கடைசி?" 'முதல் நிறுத்தம்' என்று எழுதினார்கள், வெள்ளையில் நீலம். நீ பார்க்க வேண்டும் அண்ணா. ஒரு கால் கூட ஆடாது. அம்மா பலகையில் உட்கார்ந்து பார்த்துவிட்டு, தன் வாழ்க்கையில் அரசாங்கம் போட்ட எந்த பெஞ்சும் இவ்வளவு சமமாக இருந்ததில்லை என்றாள்.

தினமும் காலையில் எல்லோரும் வரிசையாக வந்து அங்கே கொஞ்ச நேரம் நிற்கிறோம். பேருந்து வராது என்று தெரியும். நின்றுவிட்டுப் பிறகு பாலத்தில் நடக்கிறோம். ஏன் நிற்கிறோம் என்று சாவடியில் கேட்டார்கள். "பஸ்ஸுக்கு சார்" என்றோம்.

உன் தங்கை

மார்ச் 14

அன்புள்ள தங்கைக்கு,

வேலை நெருக்கடியில் பதில் தாமதமாகிவிட்டது. சளி பிடித்து இப்போது தேவலை. நீங்கள் நலம் என்று நம்புகிறேன்.

தம்பி கட்டியதை உடனே பிரித்துவிடச் சொல். அனுமதி இல்லாமல் கட்டியது. அதன் பெயர் ஆக்கிரமிப்பு. அது வேலைக்குப் போகிறவர்களின் நிறுத்தம் என்று நீங்கள் சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். வரைபடத்தில் நம் பக்கம் வெறும் வெள்ளையாகத்தான் இருக்கிறது. ஒரு புள்ளி கூட இல்லை. பார்க்கிறவர்கள் அதைத்தான் நம்புவார்கள்.

அவன் சின்னவன். நீதான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

எனக்கு ஒரு பதவி உயர்வு வரும் போலிருக்கிறது. அம்மாவிடம் இப்போதைக்குச் சொல்லாதே, தண்ணீர்க் குழாயடியில் அறிவித்துவிடுவாள்.

அண்ணன்

மார்ச் 30

அண்ணனுக்கு,

பொறியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள்.

உயிருக்கு ஒன்றும் இல்லை. நெற்றியில் தையல் போட்டிருக்கிறது. அம்மா சாப்பிடுகிறாள், ஆனால் என்ன சாப்பிடுகிறாள் என்று அவளுக்குத் தெரியவில்லை.

நீ பிரிக்கச் சொன்ன கடிதம் வந்த அன்றே பிரிக்க ஆள் வந்தார்கள். ஒரு வண்டி, பின்னால் போலீஸ் வேன். வேலை முடிந்து எல்லோரும் திரும்பி வரும் நேரம். பொறி தான் பற்றவைத்த காலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றான். யாரையும் அடிக்கவில்லை. "இத வெட்டி எடுக்கறதுக்கு உங்களுக்கு யாரு அனுமதி கொடுத்தாங்களோ அவங்கள வந்து ஒரு நாள் நடக்கச் சொல்லுங்க" என்று மட்டும் சொன்னான். ஒரு லத்தி அவன் நெற்றியில் விழுந்தது. அதற்குப் பிறகு யார் யாரை அடித்தார்கள் என்று வரிசை சொல்ல முடியாது. கல் பறந்தது. பாலத்துக்கு அந்தப் பக்கம் திரும்புவதற்காக நின்ற பேருந்துக்குத் தீ வைத்தார்கள். ஓட்டுநரையும் பயணிகளையும் முதலில் இறக்கிவிட்டார்கள்.

கொளுத்தியது நம் பையன்களில் ஒருவன்தான். உன்னிடம் எதற்குப் பொய்? அது சரி என்றும் சொல்லவில்லை. ஆனால் அது பொறி இல்லை. அவன் அந்நேரம் நெற்றியைப் பிடித்துக்கொண்டு வேனுக்குள் கிடந்தான். கொளுத்தியவன் யார் என்று கேட்டதற்கு, "பேரு தெரியாது, ஏன்னு தெரியும், அத எழுதிக்குங்க" என்றானாம். அதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை.

டி.வி.யில் காரணங்கள் சொல்கிறார்கள். போதை, வளர்ப்பு சரியில்லை, வெளியிலிருந்து யாரோ தூண்டுகிறார்கள். ஒருத்தர் நம் பையன்கள் வீட்டில் பேசும் மொழியை விட்டுவிட்டு இந்த ஊர் மொழியைப் பேசாததுதான் காரணம் என்றார். பொறி எல்லாவற்றையும் இந்த ஊர் மொழியில்தானே கேட்டான்? ஒருத்தர் கூடப் பேருந்து நிறுத்தம் என்ற சொல்லைச் சொல்லவில்லை.

நீ வருவாயா?

உன் தங்கை

ஏப்ரல் 20

அன்புள்ள தங்கைக்கு,

தம்பியின் காயம் ஆறியிருக்கும் என்று நம்புகிறேன். அம்மாவை வேளைக்குத் தூங்கச் சொல்.

நானும் டி.வி.யில் பார்த்தேன். ஆபீஸில் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் சேர்ந்துதான் பார்த்தோம். நம் பிளாக்கின் படிக்கட்டைக் காட்டினார்கள். கொடியில் அம்மாவின் பச்சைப் போர்வை தொங்கியது. என் பக்கத்தில் இருந்தவர் இந்த ஆட்களைப் பற்றி என்னவோ சொன்னார். நான் தண்ணீர் குடிக்க எழுந்து போனேன்.

இப்போது விடுப்பு கிடைக்காது. நல்ல வக்கீலாகப் பாருங்கள். தம்பியைப் பணிவாக இருக்கச் சொல். மன்னிப்புக் கேட்டால் சீக்கிரம் விட்டுவிடுவார்கள்.

அண்ணன்

மே 18

அண்ணனுக்கு,

பொறியைச் சிறையில் பார்த்தேன். இளைத்திருக்கிறான். மன்னிப்புக் கேட்கச் சொன்னாய் என்றேன். "எதுக்குன்னு கேட்டு எழுது. சிமெண்டு சரியா போடலன்னா கேக்குறேன்" என்றான். அங்கே கட்டில்களை எவ்வளவு கேவலமாகப் பற்றவைத்திருக்கிறார்கள் என்றும் ஒரு மூச்சு புலம்பினான். தேறிவிடுவான். அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது.

முதல் விசாரணை முடிந்தது. அரசு வக்கீல் ரொம்பச் சுருக்கமாகப் பேசினார். பாலத்துக்கு அப்பால் வேலைக்குப் போகிறவர்கள் யாரும் வசிக்கவில்லை, போக்குவரத்து ஆபீஸின் கணக்கெடுப்பே அப்படிச் சொல்கிறது, வேலையில்லாதவர்களுக்கு நிறுத்தம் எதற்கு, கூட்டம் சேரவும் கல் சேர்க்கவும் முன்கூட்டியே கட்டினார்கள், அதைக் கட்டியவன்தான் தலைவன். இவ்வளவுதான். இந்த வாதம் எடுபட்டுவிட்டால் பொறிக்குப் பல வருஷம் சிறை என்கிறார் நம் வக்கீல்.

நான் சாட்சிக் கூண்டில் ஏறினேன். அங்கேதான் குடியிருக்கிறேன், ஓட்டல் சலவைக்கூடத்தில் வேலை, தினமும் பேருந்தில் போனேன் என்றேன். அரசு வக்கீல் சலவைக்கூடத்தில் என் முகவரி என்ன என்று கேட்டார். சொன்னேன். "எதும்மா பொய்? இதுவா, அதுவா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பின்னால் பதினைந்து பேர் சாட்சி சொல்ல நின்றார்கள். அத்தனை பேருக்கும் வேலையிடத்தில் தையல்காரம்மா வீடுதான் முகவரி. ஒவ்வொருவராகத் திரும்பி வெளியே போனோம்.

நடந்து வரும்போதுதான் எனக்கு உறைத்தது. நாம் வேலைக்காக நம்மையே அந்தப் பக்கத்தில் குடிவைத்தோம். கணக்கெடுக்க வந்தவன் அங்கேயே நம்மை எண்ணிக்கொண்டு போனான். இந்தப் பக்கம் யாரும் இல்லை என்று ஆனது. கம்பத்தைப் பிடுங்கினார்கள். இதில் யாரும் கெட்ட எண்ணத்தோடு ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. தெரிந்த ஒருவன் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும்.

அந்தக் கோப்பை நீ பார்த்ததே இல்லை என்று எழுதினாய். பிறகு வரைபடத்தில் ஒரு புள்ளி கூட இல்லை என்று எழுதினாய். தையல்காரம்மா வீட்டுக்கு ஆள் வந்தது நான் சொல்லும் முன்பே உனக்குத் தெரிந்திருந்தது. அந்த வெள்ளை இடத்தில் யார் இருக்கிறார்கள் என்று அந்த ஆபீஸிலேயே தெரிந்தவன் நீ ஒருவன்தான். ஒரு வாக்கியம் போதுமே அண்ணா. ஏன் சொல்லவில்லை?

உன் தங்கை

ஜூன் 23

தங்கைக்கு,

நலம். அம்மாவின் முழங்காலுக்கு ஒரு களிம்பு தனியாக அனுப்பியிருக்கிறேன். இரண்டு வேளை தடவ வேண்டும்.

கடிதங்களை இனி ஆபீஸுக்கு அனுப்ப வேண்டாம். இங்கே தபாலைப் பிரித்துக் கொடுப்பவர் உறையின் பின்பக்கத்தில் அனுப்புகிறவர் முகவரியையும் படிக்கிறார். என் அறை முகவரி கீழே இருக்கிறது.

அண்ணன்

ஜூலை 10

அண்ணனுக்கு,

களிம்பு வந்தது. அம்மா தடவிக்கொண்டு, பிள்ளை அனுப்பியது என்று குழாயடியில் எல்லோருக்கும் மோந்து பார்க்கக் கொடுத்தாள். நான் கேட்டதற்கு உன்னிடமிருந்து வந்த பதில் அந்தக் களிம்பு மட்டும்தான். அம்மாவிடம் நான் எதையும் சொல்லவில்லை.

இங்கே நடந்ததைக் கேள். இனி யாரும் அந்தப் பக்கம் குடியிருக்கப் போவதில்லை என்று கூடிப் பேசி முடிவெடுத்தோம். வேலைக்குப் போகிற ஒவ்வொருவரும் அவரவர் இடத்தில் முகவரியை மாற்ற வேண்டும். வேலை போனாலும் போகட்டும். பெரியவர்கள் பயந்தார்கள். பெயிண்டர்தான், "சுவத்துல மத்தவங்க பேரா எழுதி எழுதிக் கை ஓஞ்சு போச்சு, ஒரு தடவ நம்ம பேர எழுதுவோம்" என்றார். அதோடு பேச்சு முடிந்தது.

சலவைக்கூடத்தில் நான் முதலில் போனேன். மூன்றாம் பிளாக் என்று சொன்னதும் மேற்பார்வையாளர் பேனாவை மூடி வைத்தார். தவறிச் சொல்லிவிட்டேனோ என்று பார்த்தார். இரண்டாம் தடவையும் அதையே சொன்னேன். எனக்குப் பின்னால் நம் பெண்கள் வரிசையில் நின்றார்கள், நம் பிளாக்குகளின் பேரைச் சொல்லிக்கொண்டு. அவ்வளவு நாளும் பக்கத்துப் பக்கத்து இயந்திரத்தில் நின்ற எங்களுக்கே அன்றுதான் நாங்கள் எத்தனை பேர் என்று தெரிந்தது. மறுநாள் என்னை உருளையிலிருந்து எடுத்து அழுக்குத் துணி பிரிக்கும் இடத்தில் போட்டார்கள். கொத்தனார் வீட்டுப் பையனுக்கு வேலையே போனது. அவன் அழவில்லை. பாலத்தில் நடந்து வந்து, வெட்டி எடுத்த கால்களின் அடியில் மிச்சமிருந்த சிமெண்டைத் துடைத்துவிட்டு, அதன் மேல் உட்கார்ந்துகொண்டான். கொஞ்ச நேரத்தில் அவனைச் சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருந்தோம்.

இப்படி ஒரு பெருமையை நான் அறிந்ததில்லை அண்ணா. உனக்கு வேலை கிடைத்த அன்று கூட இல்லை. அன்று நம்மில் ஒரு ஆள் வெளியே போனான். இன்று எல்லோரும் வீடு திரும்பினோம்.

தையல்காரம்மா தானே வந்து, தன் வீட்டில் தான் ஒருத்திதான் குடியிருக்கிறேன் என்று கோர்ட்டில் சொல்வதாகச் சொல்லிவிட்டாள். "காலி பண்ணிட்டீங்க, இப்பதான் வீடு வீடா இருக்கு" என்று சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆனால் அது போதாது என்கிறார் வக்கீல். நாங்கள் இப்போது முகவரியை மாற்றியது வழக்குக்காக என்பார்களாம். அந்தக் கணக்கெடுப்பு தப்பு என்று ஆபீஸில் இருப்பவர் ஒருவர் சொன்னால்தான் பொறி கட்டியது பேருந்துக்காகக் கட்டிய நிறுத்தம் என்று ஆகும். அடுத்த விசாரணை ஆகஸ்ட் மாதக் கடைசியில். வா.

உன் தங்கை

ஆகஸ்ட் 12

அண்ணனுக்கு,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. நீ நலமா என்று கேட்காமல் எழுத எனக்குக் கை வரவில்லை. நலமா?

அம்மாவுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. நான் சொல்லவில்லை. கணக்கெடுத்தது உன் ஆபீஸ் என்று குழாயடியில் கேட்டுவிட்டு, களிம்பு வந்த பெட்டியில் தையல்காரம்மா முகவரியைப் பார்த்திருக்கிறாள். "எல்லாரும் வீட்டுக்கு வந்துட்டாங்க, இவன் மட்டும் இன்னும் அங்கயே இருக்கானே" என்றாள். திட்டவில்லை. அதற்கப்புறம் நீ பஸ்ஸுக்கு வழி சொல்கிறவன் என்று யாரிடமும் சொல்லுவதில்லை. நீ கெட்டவன் என்று நினைக்கவும் இல்லை. பயந்தவன் என்று நினைக்கிறாள். எது உனக்கு வலிக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தவன் நீதான் என்று பொறியிடம் சொன்னேன். "அண்ணன் அந்த முகவரியப் போடலன்னா நான் பட்டறையிலயே சேந்திருக்க முடியாது. அதயும் சொல்லு" என்றான். சொல்லிவிட்டேன். நீ செய்த நல்லதை அவன் மறக்கவில்லை. கெட்டதை மறக்கவும் அவனுக்குச் சிறையில் வசதி இல்லை.

போன வாரம் காலையில் ஒரு பேருந்து பாலத்தைத் தாண்டி வந்தது. அந்த ஓட்டுநரை யாரும் அனுப்பவில்லை. தீ வைத்த அன்று பையன்கள் கையைப் பிடித்து இறக்கிவிட்டார்களே, அதே ஓட்டுநர். நிறுத்தத்தில் மிச்சமிருந்த சிமெண்டின் பக்கத்தில் நிறுத்திக் கதவைத் திறந்தார். "சீக்கிரம் ஏறுங்க, எனக்கு மெமோ எழுதறதுக்குள்ள" என்றார். சாவடியைத் தாண்டும்போது நாங்கள் எல்லோரும் ஜன்னலோரம் நேராக உட்கார்ந்திருந்தோம். யாரும் கை காட்டவில்லை, யாரும் கத்தவில்லை. பயணிகளாகப் போனோம். மறுநாள் அவர் வரவில்லை. அந்த வழியிலிருந்து அவரை மாற்றிவிட்டார்கள் என்றார்கள். அவருக்கு நம் ஆட்கள் யாரும் சொந்தமில்லை அண்ணா. அவர் வந்தார்.

விசாரணை இருபத்தெட்டாம் தேதி. உன் பேரை வக்கீல் சாட்சிகளில் சேர்த்துவிட்டார். அவர் கேட்டதும் நான் தயங்காமல் கொடுத்தேன். கூண்டில் ஏறினால் முதலில் பேர் கேட்பார்கள், நான் ஏறிப் பார்த்ததால் சொல்கிறேன். அடுத்த கேள்வி வீடு. வேலைக்குத் தங்கும் அறையை அவர்கள் கேட்கவில்லை, சொந்த வீடு எங்கே என்று கேட்பார்கள். அதற்கு நீ சொல்லும் பதிலில்தான் பொறியின் மிச்ச வாழ்க்கை எல்லாம் இருக்கிறது.

வருவதானால் நேரே வா. எழுதுவதானால் மூன்றாம் பிளாக், இரண்டாவது மாடி, படிக்கட்டுக்கு இடப்பக்கக் கதவு என்று உறையின் மேல் உன் கையால் எழுது. தையல்காரம்மா வீட்டுக்கு வரும் எதையும் இனி நாங்கள் வாங்கப் போவதில்லை.

அந்தக் கேள்வியை அவர்களுக்கு முன்னால் நான் கேட்டுவிடுகிறேன். அண்ணா, உன் வீடு எங்கே இருக்கிறது? சொல்.